கல்யாணப் படத்திலிருந்து வெட்டிய முகம்

"வேட்பாளர் படம் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி ஒருவர் எங்கள் அச்சக மேஜை மேல் வைத்தது ஒரு கல்யாண ஃபோட்டோ. 1996, உள்ளாட்சித் தேர்தல் நேரம். சிதம்பரத்தில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. படம் நனையாமல் இருக்க உரச்சாக்கின் உள்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மாலையும் கழுத்துமாக அவரும் மனைவியும். மணப்பெண் குனிந்த தலை நிமிரவில்லை. நெற்றிச்சுட்டி தெரிந்த அளவுக்கு முகம் தெரியவில்லை.

"வேற படம் இல்லீங்களா?"

"அதுக்கப்புறம் அவ எங்கங்க ஃபோட்டோ எடுத்தா?"

அந்த நாளில் நோட்டீஸில் படம் வர வேண்டுமென்றால் பிளாக் செய்ய வேண்டும். துத்தநாகத் தகட்டில் படத்தைப் புள்ளி புள்ளியாக அரித்து, மரக்கட்டையில் ஆணி அடித்துத் தருவார்கள். அதற்கு ஆள் அனுப்பி ஒரு நாள் காத்திருந்து வாங்கி வர வேண்டும். பெண் முகம் மட்டும், முக்கால் இஞ்சு அகலம் என்று எழுதித்தான் அனுப்பினேன். வந்த பிளாக்கில் முகத்தை ஒட்டி மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைத் தோளும் பாதி மாலையும் சேர்ந்து வந்திருந்தன. அரம் போட்டு ராவி எடுத்துவிடலாம் என்றேன். அவர் புரூஃபை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருக்கட்டும்ங்க. யாரு ஊட்டுப் பொண்ணுன்னு ஜனங்களுக்குத் தெரிய வாணாமா?"

அப்படியே ஆயிரம் ஓட்டினோம். அந்த அம்மா ஜெயித்தார். நான் அவரை நேரில் பார்த்தது மூன்று வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டில். கணவர்தான் என்னைக் காட்டி, நோட்டீஸ் அடித்த அக்கா என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "அந்த நோட்டீஸ குடுத்தப்ப எனக்கே அது யாருன்னு தெரியலக்கா" என்றார். முகம் அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்ல களையான முகம்.

நான் அச்சுத் தொழிலுக்கு வந்தது 1987இல், பத்தாவது முடித்துவிட்டு, பதினேழு வயதில். தேரோடும் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்த அச்சகம். கம்போஸிங் அப்போது பெண்பிள்ளைகள் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும், விரலில் வேகம் வேண்டும், கூலி குறைவு. பிறகு யாரை வைப்பார்கள்? மெஷின் ஆண்கள் கையில். எழுத்துப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் கோப்போம். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருக்கும். இன்றைக்கும் எனக்குத் திரும்பிய எழுத்துதான் சீக்கிரம் படிக்க வரும்.

சேர்ந்த வருஷமே செப்டம்பரில் வன்னியர் சங்கத்தின் ஒரு வார சாலை மறியல். பஸ் இல்லை, பேப்பர் லாரி வரவில்லை, அச்சகத்துக்குப் பூட்டு. 1989இல் பாட்டாளி மக்கள் கட்சி வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர்ப் பக்கம் நிறத்துக்கு அர்த்தம் ஏறியது என்று நினைக்கிறேன். அதுவரை மஞ்சள் என்றால் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு. நீலம் என்றால் பில் புக். பிறகு நிறமே சாதி அடையாளமாகிவிட, "அந்தக் கலர் வேணாங்க, வேற மாதிரி நெனச்சிக்குவாங்க" என்று சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. கலர் மையே இரட்டைச் செலவு என்றிருந்த காலத்தில், காசு கொடுத்து ஒரு கலரைத் தவிர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்போஸிங்கில் இருந்தபோது கண்ணில் பட்டு இன்றுவரை போகாத ஒரு விஷயம், 'அவர்கள்'. மேட்டர் கையெழுத்தில் வரும். வரவேற்பவர்கள், முன்னிலை வகிப்பவர்கள் என்று வரிசையாகப் பேர்கள். 'திரு' முன்னால், 'அவர்கள்' பின்னால். நடுவில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் 'அவர்கள்' இருக்காது. முதலில் எழுதியவர் மறந்துவிட்டார் என்று நினைத்து நானே சேர்த்துக் கோத்துவிட்டேன். புரூஃப் பார்க்க வந்தவர் பேனாவால் அந்த 'அவர்கள்'களை மட்டும் அடித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இடம் பத்தாதும்மா" என்றார். இடம் தாராளமாக இருந்தது. கொஞ்ச நாளில் எனக்கே பழகிவிட்டது. 'அவர்கள்' இல்லாத பேர், ஊருக்கு வெளியே காலனியில் இருக்கும் பட்டியல் சாதிக்காரர் பேர். 'திருமதி' போட்டு 'அவர்கள்' இல்லாவிட்டால் யார் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்த பேர், அதாவது காலனிப் பெண்ணின் பேர், எங்கள் அச்சகத்தில் 1996 வரை நான் கோத்ததே இல்லை.

1996இல் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக் கணக்குப்படி, அதற்குள்ளும் பெண்களுக்குப் பங்கு என்று 1994 ஊராட்சிச் சட்டத்தில் இருந்தது. முதல் தேர்தல் அந்த வருஷம். கிராமத்தில் ஊராட்சி மன்றத் தலைவர் என்று யாரும் சொல்வதில்லை. பிரசிடெண்ட் என்பார்கள். தலைவர் ஆணாக இருந்த காலத்தில் அவர் மனைவியைப் 'பிரசிடெண்ட் அம்மா' என்று கூப்பிடுவார்கள். பெண்ணே தலைவரான பிறகும் அவருக்கு அதே பேர்தான்: பிரசிடெண்ட் அம்மா. பிரசிடெண்ட் என்று வெறுமனே சொன்னால் இன்றைக்கும் அது அவர் வீட்டுக்காரர். முதல் முறை பெண் ஜெயித்த ஊரிலிருந்து ஒருவர் வந்து, "பிரசிடெண்ட் அனுப்பிச்சாரு" என்றபோது நான் தோற்றவரின் ஆள் என்று நினைத்துவிட்டேன்.

1999 நாடாளுமன்றத் தேர்தலில்தான் இந்தத் தொழில் எனக்கு ஒரு பாடம் சொன்னது. சிதம்பரம் தனித்தொகுதி. அதுவரை தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகள் முதல் முறையாக நின்றார்கள். அவர்களின் தலைவர் திருமாவளவன் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் அணியில் வேட்பாளர். எதிர்த்து நின்ற பாமக வேட்பாளர் பொன்னுசாமியும் பட்டியல் சாதிக்காரர்தான். தனித்தொகுதியில் வேறு யார் நிற்க முடியும்? சட்டப்படி பார்த்தால் அந்தத் தேர்தலில் சாதிச் சண்டைக்கு இடமே இல்லை. ஆனால் வாக்குப்பதிவு நாளில் பல ஊர்களில் காலனி மக்களை ஓட்டுச்சாவடிப் பக்கம் விடவில்லை, வீடுகள் எரிந்தன. அன்று மதியம் நாங்கள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். மெஷின் ஓட்டும் அண்ணன், அவரும் காலனிதான், ரேடியோவைத் திருகிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் எங்காளுதான்மா. யாரு பின்னாடி நிக்கிறாங்கன்றதுதான் கணக்கு."

அதற்கப்புறம் நோட்டீஸைப் பார்க்கும்போது என் கண் வேட்பாளரிடம் போவதில்லை, பின்னால் போகும். யார் படம் மேலே, யார் படம் ஓரம், யார் பேர் கொட்டை எழுத்து. ஒதுக்கீடு செய்கிறது அரசாங்கம். யார் நிற்கலாம் என்பது மட்டும்தான் அதன் கையில். யாருக்காக நிற்கிறார் என்பதை நோட்டீஸ் காட்டிக்கொடுத்துவிடும். தனித்தொகுதிக்கும் பெண்கள் தொகுதிக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சியில் எதிரெதிராக நிற்பது இரண்டு பெண்கள். ஆனால் தகராறு இரண்டு வீட்டுக்காரர்களுக்கு, இல்லாவிட்டால் இரண்டு வகையறாவுக்கு. 2016இல் காட்டுமன்னார்கோவில் தொகுதியில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். ஜெயித்த அதிமுகக்காரரும் பட்டியல் சாதிதான். 87 ஓட்டு என்பது எங்கள் தெருவில் ஒரு பக்கம். ஆனாலும் யாரும் அதை ஒரு சாதிக்குள் நடந்த போட்டியாகப் பேசவில்லை.

நடுவில் தொழில் மூன்று முறை மாறியது. ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். நான் பேஜ்மேக்கர் கற்றுக்கொண்டது இரண்டு குழந்தைகளுக்கு அப்புறம். அச்சக முதலாளி கடையை விட்டபோது நகையை வைத்து நானே எடுத்தேன். லைசென்ஸ், கரண்ட் பில், கடைப் பேர் எல்லாம் என் வீட்டுக்காரர் பேரில். அவர் ஒரு நாளும் கடைக்கு வந்து உட்கார்ந்ததில்லை, அவருக்கு வேறு வேலை. உள்ளே வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஓனர் இல்லீங்களா?" என்பார்கள். "வருவாரு, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வேலையை முடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சிரிப்புக்குத்தான் சொல்கிறேன், ஆனால் பிரசிடெண்ட் அம்மாக்களைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் இதுதான்.

ஃபிளெக்ஸ் வந்ததும் படம் இலவசமானது மாதிரி ஆகிவிட்டது. பிளாக் காலத்தில் ஒரு தலைக்கே யோசித்தவர்கள், பத்துக்கு எட்டு போர்டில் நாற்பது தலை வைக்கச் சொன்னார்கள். 2006, 2011 உள்ளாட்சித் தேர்தல்களில் பெண் வேட்பாளர் போர்டுக்கு ஓர் அமைப்பே உருவாகிவிட்டது. மேலே வரிசையாகத் தலைவர்கள். இடது பக்கம் முழு உயரத்துக்கு வீட்டுக்காரர், வெள்ளை வேட்டி, கும்பிட்ட கை. வலது ஓரத்தில் வட்டத்துக்குள் வேட்பாளர். பேருக்குக் கீழே 'க/பெ' என்று போட்டுக் கணவர் பேர். அதை வேட்பாளர் பேரைவிட இரண்டு பாயிண்ட் பெரிதாக வைக்கச் சொல்வார்கள். ஆண் வேட்பாளருக்கு மனைவி பேர் போட்ட நோட்டீஸ் ஒன்றும் என் கையில் வந்ததில்லை.

அடைமொழியும் ஒரு தொல்லை. ஆணுக்கு ஏகப்பட்டது இருக்கிறது: செயல் வீரர், சமூக சேவகர், ஏழைப் பங்காளர். பெண்ணுக்கு 'உங்கள் வீட்டுப் பிள்ளை', 'பாசமிகு சகோதரி', ரொம்பப் போனால் 'இல்லத்தரசி'. ஒரு முறை வேட்பாளர் தையல் கடை வைத்து முப்பது பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் என்று பேச்சில் தெரிந்தது. அதைப் போடலாமே என்றேன். "தையக்காரின்னு போட்டா மரியாதையா இருக்குமாக்கா?" என்று அவர் தம்பி கேட்டார்.

எல்லாவற்றிலும் மோசம் 'மண்ணின் மைந்தர்'. ஆண் வேட்பாளர் எல்லோரும் கேட்கும் பட்டம் இது. மைந்தருக்குப் பெண்பால் போட்டு 'மண்ணின் மகள்' என்று வைத்தால் ஊரில் சிரிப்பார்கள், ஏனென்றால் அவள் அந்த மண்ணில் பிறந்தவளாக இருக்க மாட்டாள். கட்டிக்கொண்டு வந்தவள். பிறந்த ஊர் பரங்கிப்பேட்டைப் பக்கம் இருக்கும், நிற்கிற ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம் இருக்கும். இருபது வருஷம் அந்த ஊரில் நடவு நட்டிருப்பாள், பிள்ளை பெற்றிருப்பாள், மாமியாருக்குக் கொள்ளி வைக்கும் வரை செய்திருப்பாள். தேர்தல் என்று வந்ததும் எதிராளி கேட்கிற முதல் கேள்வி, "அது எந்த ஊரு பொண்ணு?" பிறந்த ஊரில் போய் நின்றால், கட்டிக்கொடுத்துப் போனவளுக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்திருந்தாலோ கேட்கவே வேண்டாம். பிறந்த தெருவும் தள்ளும், வாழ்ந்த தெருவும் தள்ளும்.

2024இல் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி டிவியில் ஓடியபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அதிபர் பதவிக்கு நின்ற கமலா ஹாரிஸ் இந்திய வம்சாவளி என்றே சொல்லிக்கொண்டிருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்கிற மாதிரி எதிர்த்து நின்ற டிரம்ப் பேசினார். டிரம்ப் தரப்பில் துணை அதிபருக்கு நின்ற வான்ஸ், பிள்ளை பெறாத பெண்களைப் பூனை வளர்ப்பவர்கள் என்று முன்பு சொன்ன கிண்டலும் வெளியே வந்தது. எந்த ஊர்ப் பொண்ணு, எத்தனை பிள்ளை. புவனகிரி டீக்கடையில் கேட்கிற இரண்டு கேள்விகள்தான், இங்கிலீஷில். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் கமலாவின் அம்மா வழித் தாத்தா கோபாலனின் ஊர் என்று பேனர் கட்டினார்கள், கோயிலில் பூஜை செய்தார்கள். கோயில் நன்கொடைக் கல்லில்கூட கமலா பேர் உண்டு. பேனரைப் பத்திரிகையில் பார்த்தபோது தொழில் புத்தி போகவில்லை: தாத்தாவின் பேர் இல்லாமல் அந்தப் பேத்தியை இந்த மண்ணோடு ஒட்டவைக்க வழி இல்லை.

நம் நாட்டு ஜனாதிபதி தேர்தலில் தெருவில் பிரச்சாரம் இல்லை, எங்களுக்கு வேலையும் இல்லை. 2002இல் அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் சார்பில் சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி நின்றபோது, சுவரொட்டி அடிக்க ஆள் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. பெண்ணின் பேருக்கு முன்னால் 'கேப்டன்' என்று கோக்கும் வாய்ப்பு போயிற்று. 2022இல் திரௌபதி முர்மு பதவியேற்ற சில நாளில் காங்கிரஸ் எம்.பி. ஆதிர் ரஞ்சன் சௌத்ரி ராஷ்டிரபதியை 'ராஷ்டிரபத்னி' என்று சொல்லிவிட்டு, நாக்குத் தவறிவிட்டது என்று மன்னிப்புக் கடிதம் எழுதினார். முர்மு பழங்குடியிலிருந்து வந்த முதல் குடியரசுத் தலைவர். ஒரு வாரத்துக்குள் பேச்சு அவர் பதவியின் ஆண்பால் பெண்பாலுக்கு வந்து நின்றது. தமிழில் 'தலைவர்' என்ற சொல்லுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆனாலும் எங்களிடம் வந்து 'தலைவி' என்று மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மாற்றினால் ஏதோ சினிமா விளம்பரம் மாதிரி இருக்கும். நான் மாற்றுவதில்லை.

மொட்டை நோட்டீஸ் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. அச்சகத்தார் பேரும் வெளியிடுபவர் பேரும் இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அடிக்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ பிரிவு. வெளியிடுபவரிடம் இரண்டு பேர் சாட்சியோடு உறுதிமொழி வாங்க வேண்டும், பிரதியைக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில், 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் இரண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்களைக் கூப்பிட்டு அதிகாரிகள் ஒப்பித்துவிட்டு டீ கொடுத்து அனுப்புவார்கள். இருந்தாலும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கும்போது ஆள் வரும்.

ஆண் வேட்பாளரைப் பற்றி வரும் மொட்டை நோட்டீஸில் மணல், ரேஷன் அரிசி, கோயில் நிலம் என்று கணக்கு இருக்கும். பெண்ணைப் பற்றி வருவதில் கணக்கே இருக்காது. எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள், யார் பைக்கில் போனாள். ஓர் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவில் பத்து வருஷம் ஊக்குநராக இருந்த பெண் நின்றார். குழுவுக்குக் கடன் வாங்க அவர் பாங்குக்கு அலைந்ததையெல்லாம் நாள் வாரியாக எழுதி, வேறு அர்த்தம் வரும்படி ஒரு மேட்டர். எழுதிய கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து, பத்து வருஷமாக என்னிடம் கோயில் திருவிழா நோட்டீஸ் அடிப்பவருடையது. முடியாது என்றேன். "நீங்க பொம்பள, உங்களுக்குப் புரியாது. ஓனரக் கூப்புடுங்க" என்றார். ஓனர்தான் சொல்கிறேன் என்றேன். அவர் வேறு ஊரில் ஜெராக்ஸ் எடுத்து ராத்திரியோடு ராத்திரியாக வீட்டு வாசல்களில் போட்டுவிட்டார். அந்தப் பெண் தோற்றார். அந்த வருஷத் திருவிழா நோட்டீஸும் என் கைக்கு வரவில்லை.

2019 டிசம்பர் தேர்தலுக்கு ஏகப்பட்ட வேலை. 2016 சட்டத்திருத்தத்தில் பெண்கள் பங்கு பாதியாகியிருந்தது, அதன்படி நடந்த முதல் தேர்தல். 27, 30 என்று இரண்டு கட்டம். மூன்று மாதத்துக்கு முன்னால்தான் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்திருந்ததால் ஃபிளெக்ஸுக்குக் கெடுபிடி. எல்லோரும் மறுபடி பிட் நோட்டீஸுக்கும் புதிதாக வாட்ஸ்அப் படத்துக்கும் வந்தார்கள். மாதிரி ஓட்டுச்சீட்டுக்குத் தலைவருக்கு இளஞ்சிவப்புத் தாள், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். கடையில் இளஞ்சிவப்புத் தாள் தீர்ந்து கடலூரிலிருந்து வாங்கி வந்தேன். பண்ருட்டிப் பக்கம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது அப்போதுதான். "அவங்களுக்கு நோட்டீஸ் செலவு மிச்சம்" என்று என் கடைப் பையன் சொன்னான்.

தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னம். கட்சி இல்லாவிட்டால் என்ன மிஞ்சும்? ஒருவர் வந்தார், மனைவி வேட்பாளர். ஒரே சின்னம், ஒரே பேர், இரண்டு நோட்டீஸ். ஊர்த்தெருவுக்கு ஒன்று: மேலே ஒரு வரிசைத் தலைவர்கள், ஓரத்தில் வன்னியர் சங்கத்து அக்னி கலசம், வேட்பாளருக்குப் பட்டுப்புடவை. காலனிக்கு ஒன்று: மேலே அம்பேத்கர், பெரியார், வேட்பாளருக்குச் சாதாரணச் சேலை. கட்டு மாறாமல் இருக்க ஒன்றில் சிவப்பு ரப்பர் பேண்ட், இன்னொன்றில் பச்சை. பேக்கிங் செய்த பையன் கட்டை மாற்றிவிட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கடை வாசலில் நின்று போட்ட சத்தம் எதிர்க்கடை வரை கேட்டது. ஊர்த்தெருவில் அம்பேத்கர் நோட்டீஸ் ஐம்பது வீட்டுக்குப் போயிருந்தது. தோற்றால் நான்தான் காரணம் என்றார். ஜெயித்தார்கள். தப்பாகப் போன நோட்டீஸால் ஓட்டு கூடியதா குறைந்ததா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதே 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தலின்போது திருமாவளவனின் பானைச் சின்னத்தைப் போட்டு அச்சடித்தவள் நான். வாக்குப்பதிவு நாளில் இதே தொகுதியில் பொன்பரப்பியில் பானையை ரோட்டில் போட்டு உடைத்ததில் தொடங்கிய தகராறு காலனி வீடுகளை அடித்து நொறுக்குவதில் முடிந்தது. திருமாவளவன் 3,219 ஓட்டில் ஜெயித்தார். அவரே 2024இல் ஜெயித்தது ஒரு லட்சத்துக்கு மேல். அப்போது எதிர்த்து நின்றவர்களில் பாஜகவின் கார்த்தியாயினி, வேலூர் முன்னாள் மேயர். பேருக்குக் கீழே போட அவருக்குச் சொந்தமாக ஒரு பதவி இருந்தது. அது எங்கள் பக்கத்தில் அபூர்வம்.

2020 அக்டோபரில் அந்தப் படம் வந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் தெற்குத் திட்டை ஊராட்சி. கூட்டம் நடக்கிறது, மற்றவர்கள் நாற்காலியில், தலைவர் ராஜேஸ்வரி தரையில். பட்டியல் சாதிப் பெண். கொடியேற்றவும் விடவில்லை என்று அவர் சொன்னார். துணைத் தலைவர் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தது, ஊராட்சிச் செயலரை சஸ்பெண்ட் செய்தார்கள். என் செல்லுக்கு அந்தப் படம் ஒரே நாளில் பதினைந்து பேரிடமிருந்து வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே வரிசையாகத் தலைகள், கீழே ஓரத்தில் ஒரு பெண். இந்த அமைப்பை நான் பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஒரு போர்டு வேலை பாதியில் இருந்தது, மறுநாள்தான் முடித்தேன்.

அதே மாதம் மனுஸ்மிருதி பெண்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று திருமாவளவன் பேசியது பெரிய சண்டையானது. எதிர்ப்புத் தெரிவிக்கச் சிதம்பரம் கிளம்பிய பாஜகவின் குஷ்புவை முட்டுக்காட்டிலேயே கைது செய்தார்கள். பெண்களின் மானத்துக்காக இரண்டு பக்கமும் போஸ்டர். என்னிடம் வந்தவற்றில் கண்டிப்பவர்கள் பட்டியல் நீளமாக இருந்தது, எல்லாம் ஆண்கள் பேர். தெற்குத் திட்டை பத்து கல் தொலைவுகூட இல்லை. அந்தத் தலைவருக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று போஸ்டர் போட என்னிடம் யாரும் வரவில்லை.

கடலூர் மாநகராட்சியான பிறகு முதல் மேயர் தேர்தல் 2022 மார்ச் 4. மேயர் பதவி பெண்களுக்கு. திமுகவுக்குள்ளேயே போட்டி வந்து, சுந்தரி ராஜா 20, கீதா குணசேகரன் 12 என்று ஓட்டு விழுந்தது. வாழ்த்து போஸ்டர் ஆர்டர் ராத்திரியே வந்துவிட்டது. அடிக்கும்போது கவனித்தேன், ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் பேருக்குப் பின்னால் வீட்டுக்காரர் பேர். கடலூர் முதுநகரில் பிறந்து 1937லேயே சட்டமன்றம் போன அஞ்சலை அம்மாளுக்கு அப்படி ஒரு வால் இல்லை. ஜெயிலுக்குப் போனவருக்கு வால் தேவைப்படவில்லையோ என்னவோ.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு கடலூர் மாவட்டத்திலும் ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்தச் சித்திரையில், 2019இல் மனைவிக்காக இரண்டு நோட்டீஸ் அடித்த அதே அண்ணன் பேத்தியின் காதணி விழாவுக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். மேட்டரில் அழைப்பவர்கள் என்று போட்டுத் தன் பேருக்குக் கீழே 'முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்' என்று எழுதியிருந்தார். மனைவி பேர் பக்கத்தில் வெறுமனே. நான் ஒன்றும் சொல்லவில்லை. பதவியை அந்த அம்மா பேருக்குக் கீழே உட்காரவைத்துப் புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ராத்திரி ஃபோன் வந்தது. "யக்கா, எழுத்து ஒண்ணு எடம் மாறி ஒக்காந்திருக்கு பாரு."

"எதுங்கண்ணே?"

அவர் சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவே: "இருக்கட்டும் வுடு. பத்திரிக லேட்டாவுது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி, ஐந்நூறு போட்டுடுக்கா" என்றார்.